பெட்ரோலில் எத்தனாலா, ஈயமா? ஒரு இன்ஜினியர் எடுத்த முடிவும் உலகம் கட்டிய பில்லும்

பங்க்கில் இன்றைக்கு நீங்கள் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. மைலேஜ் குறையுமா, பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் தாங்குமா என்று வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் சண்டை நடக்கிறது.

அதே நேரத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. டர்போ கார் வாங்கி, அதன் இசியு-வை ட்யூன் செய்து, பூஸ்ட்டை ஏற்றி ஓட்டும் வெளிநாட்டு கார் பிரியர்கள். அவர்கள் கேட்பது நேர் எதிர். 20 போதாது, 30, 50, முடிந்தால் 85 சதவீத எத்தனால் வேண்டும் என்கிறார்கள்.

திரவம் ஒன்றுதான். ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்கு ஆசை. இந்த வாதம் புதுசு என்று நினைத்தால், அது தப்பு. நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் எத்தனால் கலந்த பெட்ரோலில் கார் ஓட்டி, அது எவ்வளவு நல்லது என்று காட்டிவிட்டார். காட்டிய இரண்டே மாதத்தில் வேறொன்றைக் கண்டுபிடித்து, எத்தனாலை ஓரங்கட்டினார். அந்த வேறொன்று, ஈயம்.

அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி ஜூனியர். 20-ம் நூற்றாண்டில் காற்று மண்டலத்துக்கு அதிகக் கெடுதல் செய்த தனிமனிதர் யார் என்ற பட்டியல் போட்டால், முதல் இடத்தில் அடிக்கடி வரும் பெயர். ஆனால் அவர் வில்லன் இல்லை. அதனால்தான் இந்தக் கதை முக்கியம்.

யார் இந்த மிட்ஜ்லி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் 1889 மே 18 அன்று பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோவில். கண்டுபிடிப்பு என்பது அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலேயே இருந்தது. அப்பா டயர் தொழிலில் புதுமைகள் செய்தவர். அம்மா வழித் தாத்தா மரம் அறுக்கும் ரம்பத்தில் பல் மாற்றும் முறையைக் கண்டுபிடித்தவர்.

1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கே தலைவரான இவர், கல்லூரியில் படித்தது வேதியியல் இல்லை.

1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டரிங் யார் தெரியுமா? கையால் கைப்பிடி சுற்றாமல் காரை ஸ்டார்ட் செய்யும் எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொடுத்தவர். அவர் தன் இளம் இன்ஜினியரிடம் ஒப்படைத்த பிரச்சினை, நாக்கிங்.

நாக்கிங்னா என்ன?

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும், தீ அந்த இடத்திலிருந்து மறு ஓரம் வரை சீராகப் பரவ வேண்டும்.

ஆனால் அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றி, ஒரே அடியாக வெடித்துவிடும். அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம்தான் நாக்கிங். கியரைக் குறைக்காமல் மேட்டில் ஏறும்போது வரும் அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். கொஞ்சமாக வந்தால் எரிச்சல். தொடர்ந்து வந்தால் பிஸ்டன் காலி.

இது ஏன் பெரிய விஷயம்? கலவையை எவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறோமோ, அதே பெட்ரோலில் அவ்வளவு அதிக சக்தி கிடைக்கும். ஆனால் அன்றைய பெட்ரோல் அதைத் தாங்காது. அதனால் கார் கம்பெனிகள் கம்ப்ரஷன் விகிதத்தை நான்குக்கு ஒன்று என்ற அளவிலேயே வைத்திருந்தன. இன்றைய சாதாரண கார்களில் அது பத்தைத் தாண்டிவிட்டது.

இன்னொரு கவலையும் இருந்தது. அமெரிக்காவின் எண்ணெய் இன்னும் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும் என்று அன்றைய புவியியல் நிபுணர்கள் பயந்தார்கள். குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் போக ஒரே வழி, நாக்கிங்கை ஒழிப்பது.

தப்பான தியரி, சரியான விடை

சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதை ஒளியின் உதவியோடு பதிவுசெய்யும் ஒரு கருவியை மிட்ஜ்லி உருவாக்கினார். நாக்கிங் என்பது பிளக் பொறி விடும் முன்பே தீப்பிடிப்பதால் வருவதில்லை, தீ பிடித்த பிறகு நடக்கும் ஒன்று என்பது அதில் தெரிந்தது.

அடுத்து அவருக்கும் கெட்டரிங்குக்கும் ஒரு விநோதமான யோசனை வந்தது. அமெரிக்காவில் பனிக்காலம் முடியும் முன்பே பூக்கும் ஒரு சின்னச் செடி உண்டு. அதன் இலை சிவப்பு. சிவப்பு நிறம் சூட்டை ஈர்ப்பதால்தான் அது சீக்கிரம் பூக்கிறதோ? அப்படியானால் பெட்ரோலுக்கும் சிவப்பு நிறம் கொடுத்தால், சூட்டை வேகமாக உறிஞ்சி ஒழுங்காக ஆவியாகும் இல்லையா?

சாயம் தேடினார் மிட்ஜ்லி. கைக்குக் கிடைத்தது அயோடின். கலந்து ஓட்டினார். நாக்கிங் அடங்கியது!

மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான். உண்மையான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. நிறமே இல்லாத அயோடின் சேர்மங்களோ வேலை செய்தன. ஆக, நிறம் காரணமில்லை, அயோடின்தான் காரணம். தியரி தப்பு. ஆனால் பெட்ரோலில் ஒரு பொருளைக் கொஞ்சமாகக் கலந்தால் நாக்கிங்கை நிறுத்த முடியும் என்ற உண்மை கையில் கிடைத்துவிட்டது. அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். எனவே தேடல் தொடர்ந்தது.

எத்தனால் காலம்

1920-ல் கெட்டரிங்கின் ஆய்வகம் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவாக மாறியது. அந்த வருடமே, ஆல்கஹாலும் பெட்ரோலும் கலந்த நாக்கிங் இல்லாத எரிபொருளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார் மிட்ஜ்லி. எத்தனால் கலந்தால் நாக்கிங் வராது, சுத்தமாக எரியும், கரி படியாது என்பது அவர் குழுவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எண்ணெய் தீர்ந்துபோனால் அந்த இடத்துக்கு வரப்போவது எத்தனால்தான் என்றும் அவர்கள் நம்பினார்கள்.

1921 அக்டோபரில் இண்டியானாபோலிஸில் ஆட்டோமொபைல் இன்ஜினியர்களின் கூட்டம். மிட்ஜ்லி டேட்டனிலிருந்து அங்கே போனது ஒரு ஹை கம்ப்ரஷன் இன்ஜின் காரில். டேங்கில் இருந்தது 30 சதவீத ஆல்கஹால் கலந்த பெட்ரோல். அன்றைய பங்க் பெட்ரோலை அந்த இன்ஜினில் ஊற்றியிருந்தால் அது நாக்கிங்கிலேயே உயிரை விட்டிருக்கும். எத்தனால் கலவையில் ஓடியது.

இன்றைய டர்போ ட்யூனர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். சாதாரண பெட்ரோல் தாங்காத அழுத்தத்தை எத்தனாலை வைத்துத் தாங்க வைப்பது.

1921 டிசம்பர் 9

இதற்கிடையே மிட்ஜ்லியின் குழு மற்ற பொருட்களையும் விடவில்லை. அனிலின் வேலை செய்தது, ஆனால் நாற்றம். செலினியம், டெலூரியம் இன்னும் நன்றாக வேலை செய்தன, ஆனால் நாற்றம் அதைவிட மோசம். டெலூரியத்தின் பூண்டு வாடை உடம்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போகவில்லை.

பிறகு கண்ணில் பட்டதைப் போட்டுப் பார்க்கும் முறையை விட்டுவிட்டு, தனிம அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டார்கள். எந்த வரிசையில் போனால் நாக்கிங் அதிகமாகக் குறைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். வரிசை ஒரு திசையைக் காட்டியது. அந்தத் திசையின் அடியில் இருந்தது ஈயம்.

1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதனை இன்ஜினில் போட்டார்கள். சத்தம் நின்றது. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகப் போட்டாலே போதும்.

ஏன் எத்தனால் தோற்றது?

நியாயமாகப் பேசுவோம். எத்தனாலில் உண்மையான சிக்கல்கள் இருந்தன. நாக்கிங்கை நிறுத்த 10, 20 சதவீதம் என்று கலக்க வேண்டும். நாடு முழுக்க ஓடும் கார்களுக்கு அவ்வளவு ஆல்கஹால் எங்கிருந்து வரும்? தண்ணீர் பட்டால் பெட்ரோலும் எத்தனாலும் பிரிந்துவிடும். போதாக்குறைக்கு 1920-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வேறு வந்துவிட்டது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனாலை எந்த விவசாயியும் வடிக்கலாம். பழங்காலத்திலிருந்து இருக்கும் பொருளுக்கு யாரும் முழு உரிமை கொண்டாட முடியாது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்றால், எண்ணெய் கம்பெனியின் விற்பனையில் 20 சதவீதம் போச்சு. ஈயச் சேர்மமோ காப்புரிமைக்குள் அடங்கும். கேலனுக்கு ஒரு சென்ட் அளவில் செலவு. விற்கும் ஒவ்வொரு கேலனிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு.

கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஈயம் விஷம் என்று அப்போது தெரியாதா? தெரியும். ஈயத்தின் விஷத்தன்மை ரோமானியர் காலத்திலேயே அறியப்பட்டது. பெட்ரோலில் ஈயம் கலக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், 1922-லேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வரை எச்சரிக்கைகள் போயின. மிட்ஜ்லிக்கே விஞ்ஞானிகளிடமிருந்து கடிதங்கள் வந்தன.

கையைக் கழுவிக் காட்டிய நாள்

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரின் ஒரு பங்க்கில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பெயர் எத்தில். ஈயம் என்ற சொல்லே அதில் கிடையாது. அதே வருடம் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் இந்தப் பெட்ரோலில் ஓடின. இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா?

ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் மிட்ஜ்லி டேட்டனில் இல்லை. ஈயம் அவர் நுரையீரலையே பாதித்திருந்தது. வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்து, நல்ல காற்று தேடி ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தார்.

அடுத்த வருடம் நிலைமை கைமீறியது. ஈயச் சேர்மம் தயாரிக்கும் இடங்களில் தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. இல்லாத பூச்சிகள் பறப்பதாகக் காற்றில் கைவீசினார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே என்ற இடத்திலிருந்த சுத்திகரிப்பு ஆலையில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சிலரைக் கட்டிப்போட வேண்டியிருந்தது.

அக்டோபர் 30 அன்று நிருபர்கள் முன் வந்தார் மிட்ஜ்லி. டெட்ரா எத்தில் லெட் திரவத்தில் கைகளைக் கழுவிக் காட்டினார். பாத்திரத்தை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் போல முகர்ந்தார். தினமும் இப்படிச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்பதுதான் அவர் நிருபர்களுக்குச் சொன்ன செய்தி. இரண்டு வருடம் கூட ஆகவில்லை, அதே ஈயத்துக்காக அவர் ஃபுளோரிடாவில் ஓய்வெடுத்து.

1925 மே 20 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். தொழில்சார் நோய்களில் பெரிய நிபுணரான ஆலிஸ் ஹாமில்டன், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் ஆகியோர் எதிர்த்தார்கள். இன்று ஆலையில் சாகிறார்கள். நாளை தெருவில் நடப்பவரும் இதைச் சுவாசிக்கப் போகிறார் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

அந்த வருடத்தில் மிட்ஜ்லி எடுத்த நிலைப்பாடு என்ன? நாக்கிங்கை நிறுத்த ஈயத்தை விட்டால் அறிவியலுக்கு வேறு வழி தெரியாது என்பது. ஆல்கஹால் கலவைக்குக் காப்புரிமை கேட்டவர் அவர்தான். அதே கலவையில் காரை ஓட்டிப் போனவரும் அவர்தான்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். ஈயம் கெடுதல் செய்யும் என்று முழுதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேறு வழி இருந்தது அவருக்குத் தெரியும்.

1926-ல் நிபுணர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. தடை செய்ய வலுவான காரணம் இப்போதைக்கு இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றது. முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதியைப் பல பத்தாண்டுகளுக்கு அந்தத் தொழிலின் பணத்தில் நடந்த ஆய்வுகளே பார்த்துக்கொண்டன.

இன்ஜின் தப்பித்தது, காற்று மாட்டியது

ஈயத்தால் இன்ஜினுக்கும் பிரச்சினை இருந்தது. எரிந்தபின் ஈய ஆக்சைடு பிளக்கிலும் வால்விலும் படிந்து, கொஞ்ச நாளில் இன்ஜினைக் கெடுத்தது. கார் வைத்திருப்பவர் உடனே புகார் செய்வார். எனவே இதைத் தீர்த்தே ஆக வேண்டும்.

தீர்வு, எத்திலீன் டைபுரோமைடு. இதையும் சேர்த்துக் கலந்தால், ஈயம் ஆவியாகக்கூடிய புரோமைடாக மாறி, சிலிண்டரில் தங்காமல் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போய்விடும். இதற்குத் தேவையான புரோமினைக் கடல் நீரிலிருந்து பிரிக்க ஆலையே கட்டினார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஈயம் எங்கேயும் மறையவில்லை. இன்ஜினுக்குள் தங்கக் கூடாது என்று, திட்டமிட்டு வெளியே அனுப்பப்பட்டது. வெளியே என்றால் தெரு, வீட்டு வாசல், குழந்தை விளையாடும் மண்.

விருதுகள், இன்னொரு கண்டுபிடிப்பு

1920-களின் கடைசியில் ஃபிரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டைஆக்சைடு போன்ற வாயுக்கள் கசிந்து ஆட்கள் சாவதுண்டு. விஷமில்லாத, தீப்பிடிக்காத வாயு ஒன்று வேண்டும் என்றார்கள். மிட்ஜ்லி குழு மறுபடியும் தனிம அட்டவணையை விரித்து, சீக்கிரமே விடை கண்டது. அதுதான் ஃப்ரியான். 1930-ல் அதை வாய் நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. இரண்டும் உண்மை.

ஓசோன் படலத்தை அந்த வகை வாயுக்கள் அரிக்கும் என்று 1974-ல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் காட்டினார்கள். அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது புகழ் மட்டும்தான். 1937-ல் பெர்கின் பதக்கம். 1941-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மிக உயர்ந்த விருதான பிரீஸ்ட்லி பதக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் சூப்பர்சார்ஜ் இன்ஜின்கள், அமெரிக்காவிலிருந்து வந்த 100 ஆக்டேன் ஈயப் பெட்ரோலால் அதிக பூஸ்ட் தாங்கி, கூடுதல் வேகம் எடுத்தன. அந்தப் பயனையும் மறைக்கக் கூடாது.

1940-ல், 51 வயதில் போலியோ தாக்கியது. கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்க, கயிறும் கப்பியும் வைத்து ஒரு அமைப்பை அவரே வடிவமைத்தார். 1944 நவம்பர் 2 அன்று, அந்தக் கயிற்றில் கழுத்து சிக்கி இறந்து கிடந்தார். விபத்தா, அவரே தேடிக்கொண்ட முடிவா என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. அந்த வருடம் அவர் வேதியியல் சங்கத்தின் தலைவர். வயது 55.

பில் வந்தது

கிளேர் பாட்டர்சன் என்ற விஞ்ஞானி, ஈய ஐசோடோப்புகளை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். எதை அளந்தாலும் ஈயம் அதிகமாகவே வந்தது. மாதிரியில் இல்லை, ஆய்வகக் காற்றிலேயே ஈயம். தூசி நுழையாத ஆய்வகம் கட்டி, 1956-ல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று சொன்னார். பிறகு அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். துருவப் பனியில் கூட அது இருந்தது. முக்கியமான பதில்களில் ஒன்று, கார் எக்ஸாஸ்ட்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, அறிவுத்திறனைக் குறைக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் பாதுகாப்பான அளவே கிடையாது. எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கும்.

அமெரிக்கா 1970-களில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கி, 1996-ல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை போட்டது. இந்தியாவில் 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. நீங்கள் 90-களில் பிறந்தவர் என்றால், சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சுவாசித்த காற்றிலும் மிட்ஜ்லியின் பங்கு உண்டு. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல்தான் நிறுத்தியது. கண்டுபிடித்து சரியாக நூறாவது வருடம்.

சரி, இன்றைய டர்போ காருக்கு வருவோம்

ஈயம் போனதும், ஆக்டேனை ஏற்ற மறுபடியும் கதவைத் தட்டியவற்றில் ஒன்று, 1921-ல் ஓரங்கட்டப்பட்ட அதே எத்தனால்.

டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் சுழன்று, சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப். காற்று அதிகம் என்றால் சக்தி அதிகம். கூடவே சூடும் அழுத்தமும் அதிகம். ஆகவே டர்போ காரை ட்யூன் செய்பவர் முட்டி நிற்கும் சுவர், மிட்ஜ்லி முட்டிய அதே நாக்கிங் சுவர்.

எத்தனால் இரண்டு வழிகளில் உதவுகிறது. ஒன்று, அதன் ஆக்டேன் சாதாரண பெட்ரோலை விட அதிகம். எளிதில் தானாகப் பற்றாது. இரண்டு, அது ஆவியாகும்போது பெட்ரோலை விட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும். கையில் சானிடைசர் பட்டால் ஜில்லென்று இருக்குமே, அதே விஷயம்தான். சிலிண்டருக்குள் போகும் கலவை குளிர்வதால் நாக்கிங் தள்ளிப்போகும். பூஸ்ட்டை இன்னும் ஏற்றலாம்.

வருடக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும்?

முதலில் அளவு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாக ஊற்ற வேண்டும். 85 சதவீதக் கலவைக்குப் பெரிய இன்ஜெக்டரும் வலுவான ஃபியூல் பம்ப்பும் தேவை. அவை ஈடுகொடுக்காவிட்டால் கலவையில் எரிபொருள் குறைந்து, இன்ஜினே சேதமாகலாம். அதிக எத்தனாலுக்கு எழுதிய ட்யூனில் குறைந்த எத்தனால் பெட்ரோலை ஊற்றினாலும் அதே ஆபத்து. வெளிநாட்டு ட்யூனர்கள் டேங்க்கில் எத்தனால் எத்தனை சதவீதம் என்று காட்டும் சென்சாரைப் பொருத்துவது இதனால்தான்.

இரண்டாவது, மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எனவே 20 சதவீதக் கலவையில் ஆற்றல் 6 அல்லது 7 சதவீதம் குறைவு. அதற்கேற்ற கம்ப்ரஷனோ ட்யூனோ உள்ள இன்ஜின், அதில் ஒரு பகுதியை மீட்டுவிடும்.

மூன்றாவது, தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் இது தலைவலி. எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்படாத ரப்பர் ஹோஸ், சீல், சில உலோக பாகங்கள் மெல்லப் பாதிக்கப்படும். டேங்க்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கவும் செய்யும்.

நான்காவது, இன்ஜின் ஆயில். குறைந்த தூரம் மட்டும் ஓட்டி, இன்ஜின் முழுதாகச் சூடாகாமலே அணைத்தால், எரியாத எத்தனாலும் நீரும் ஆயிலில் சேரும். அதிக எத்தனால் கலவையில் ஓட்டுபவர்கள் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது அதனால்தான்.

ஆக, உங்கள் காரின் மேனுவலும் பெட்ரோல் மூடியில் உள்ள ஸ்டிக்கரும் சொல்லும் கலவையைத் தாண்ட வேண்டாம். எத்தனாலைத் தனியாக வாங்கி ஊற்றும் வீர விளையாட்டு வேண்டவே வேண்டாம். வாரன்ட்டியும் போகும், இன்ஜினும் போகும்.

யார் தலையில் விழுகிறது?

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். ஹோஸ், ஃபில்டர், ஆயில், மைலேஜ். எல்லாமே வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியும் செலவு. பர்ஸில் கை வைப்பதால் கோபம் வருகிறது, கேள்வி கேட்கிறோம். கேட்பது சரிதான். கரும்புக்கான தண்ணீர், எரிபொருளுக்குப் போகும் சோளமும் அரிசியும் என்று காருக்கு வெளியே விழும் செலவும் எத்தனாலுக்கு உண்டு. அதையும் கேட்க வேண்டும்.

ஈயம் இதற்கு நேர் எதிர். கார்க்காரருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இன்ஜின் சத்தமில்லாமல் ஓடியது, விலையும் மலிவு. செலவு முழுவதும் காரே இல்லாதவர்கள் தலையில், பேசத் தெரியாத குழந்தைகள் உடம்பில் விழுந்தது. புகார் வராததால் பிரச்சினையே இல்லை என்று முடிவு செய்தார்கள்.

மிட்ஜ்லி கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ததாகத் தெரியவில்லை. கெட்டரிங் கொடுத்த கேள்விக்கு விடை தேடினார். கிடைத்த இரண்டு விடைகளில் கம்பெனிக்கு லாபமான விடையின் பக்கம் நின்றார். நம்மில் பலர் ஆபீஸில் தினமும் செய்யும் வேலைதான் அது. அதனால்தான் அவரை வில்லன் என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை.

அடுத்த முறை புது எரிபொருள், புது பேட்டரி, புது கலவை என்று ஏதாவது வந்தால், மைலேஜோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள். வேலை முடிந்ததும் அது எங்கே போய்ச் சேருகிறது? டேட்டன் ஆய்வகத்தில் 1921 டிசம்பரில் சத்தம் நின்றபோது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இரண்டு மாதம் முன்பு இண்டியானாபோலிஸ் வரை ஓடிய காரின் டேங்க்கிலேயே வேறொரு விடை இருந்தது.